பொரியில் கடைசி கிடையாது

சிலருக்குச் சொந்தமாக ஒரு கிணறு இருக்கும். சிலருக்கு ஒரு லாரி இருக்கும். திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்கால் அறிவுச்செல்வனுக்குச் சொந்தமாக ஒரு கணினி மொழி இருந்தது. அதனால் அவனுக்கு நயாபைசா வருமானம் கிடையாது. கிணறு வைத்திருக்கிறவனுக்காவது தண்ணீர் வரும்.

மொழியின் பெயர் பொரி. ஒரு கார்த்திகை தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இவன் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து அதை முதன்முதலாக ஓடவைத்தான். பக்கத்தில் தட்டில் பொரி உருண்டை இருந்தது. பெயர் வைக்க அவன் பட்ட சிரமம் அவ்வளவுதான். நல்லவேளை, தட்டில் கத்தரிக்காய் வறுவல் இல்லை என்பாள் அவன் மனைவி மதிவதனி.

வீட்டின் மாடியில் அறிவுச்செல்வன் பெங்களூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்த்தான். கீழே மதிவதனி கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள். சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து படிப்பார்கள். அவர்களுக்கு முதல் பாடம் பொரிதான். ‘பத்து முறை செய்’ என்று தமிழில் எழுதினால் கணினி பத்து முறை செய்யும். ‘வட்டம் வரை’ என்றால் வரையும். உலகத்தில் பொரி தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கீழ்த்தளத்தில் மதிவதனியிடம் படித்தவர்கள். இதை யாராவது அவனிடம் சொன்னால் முகம் சுண்டிவிடும். சுண்டினால் சுண்டட்டும், உண்மை அதுதான்.

பொரிக்கு ஒரு குறை. மெதுவாக ஓடும். பிள்ளைகள் எழுதுவதைப் படித்து, புரிந்துகொண்டு, நடத்திக் காட்ட ஒரு நிரல் வேண்டும். அதற்கு இண்டர்பிரட்டர் என்று பெயர். அந்த இண்டர்பிரட்டரை அறிவுச்செல்வன் பைத்தான் என்கிற இன்னொரு மொழியில் எழுதியிருந்தான். ஆகவே பிள்ளை சொன்னதைப் பொரி கேட்டு, பைத்தானிடம் சொல்லி, பைத்தான் கணினியிடம் சொல்லி, அப்புறம்தான் காரியம் நடக்கும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுத்த மனு மாதிரி. போய்ச் சேரும், எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பொங்கலுக்குப் பிறகு சென்டரில் ஒரு நாள் பெற்றோர்களை வரவழைத்துப் பிள்ளைகளின் வேலைகளைக் காட்டினார்கள். ஒரு பெண் மலையையும் மேலே தீபத்தையும் புள்ளி புள்ளியாக வரைகிற நிரல் எழுதியிருந்தாள். ஓடவிட்டாள். மலையின் இடதுபக்கம் வந்தது. டீ வந்தது, குடித்தார்கள். மலையின் வலதுபக்கம் பாதி வந்தது. ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிற வல்லரசு என்கிற ஒரு தகப்பனார் எழுந்து சோம்பல் முறித்தார்.

“இன்னா சார், இது வரஞ்சி முடிக்கறதுக்குள்ள நம்ப ஒரு தபா மலையயே சுத்திகினு வந்துடலாம் போலக்குதே!”

எல்லாரும் சிரித்தார்கள். மதிவதனியும்தான் சிரித்தாள். அறிவுச்செல்வன் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் உட்கார்ந்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அவனுக்கு ஏற்கெனவே உள்ள வியாதிதான் இது. பொரியை வேறு மொழியில் திருப்பி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அந்த வியாதியின் அறிகுறி. இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை சி பிளஸ் பிளஸ், இன்னொரு தடவை கோ. இரண்டும் பாதியில் நின்றன. அந்தக் காலத்தில் பிள்ளைகள் சொன்ன பழுது எதையும் அவன் தொடவில்லை. அதுதான் புதிதாக வரப்போகிறதே, இதைப் போய் யார் ரிப்பேர் செய்வது! மதிவதனியே இரவல் அறிவை வைத்துக்கொண்டு பைத்தானைத் திறந்து அங்கங்கே ஒட்டுப்போட்டுச் சமாளித்தாள். இந்தத் தடவை அவன் மனத்தில் வந்து குந்தியிருந்தது ரஸ்ட். ரஸ்ட்டின் பெருமை என்னவென்றால், நாம் எழுதியதை அது லேசில் ஏற்றுக்கொள்ளாது. இதில் தப்பு, அதில் தப்பு என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஏற்றுக்கொண்டுவிட்டால் மின்னல் வேகத்தில் ஓடும். திருப்பி அனுப்பப்படுவதில் அறிவுச்செல்வனுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது.

பெரிய விஷயம் எதுவானாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கிரிவலம் போய்த்தான் பேசுவார்கள். பக்தி பாதி, வசதி பாதி. வீட்டில் பேசினால் போன் வரும், பிள்ளைகள் வரும், கோபம் வந்தால் ஒருத்தர் மாடிக்கும் ஒருத்தர் கீழேயும் போய்விடலாம். மலை சுற்றும்போது அது நடக்காது. பாதியில் கோபித்துக்கொண்டால் திரும்பி நடந்தாலும் அதே தூரம்தான். இந்த வீடு கட்டியது, குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது, அப்புறம் வேண்டும் என்று முடிவெடுத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்தது, எல்லாமே அந்தப் பாதையில் பேசித் தீர்த்தவை. மாசி மாதத்தில் ஒரு நாள் விடிகாலையில் செருப்பை ஸ்கூட்டரில் வைத்துப் பூட்டிவிட்டு ராஜகோபுரத்திலிருந்து கிளம்பினார்கள்.

அக்னி லிங்கம் தாண்டுகிற வரைக்கும் அவன் பேசினான். வேகம் என்றான். இப்போது ஒவ்வொரு லேப்டாப்பிலும் முதலில் பைத்தானை ஏற்ற வேண்டியிருக்கிறது, ரஸ்ட்டில் எழுதினால் ஒரே ஒரு கோப்பைக் கொடுத்தால் போதும் என்றான். பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில்கூடப் பறக்கும் என்றான். எல்லாம் நியாயமான பேச்சுதான். அதுதான் அவளுக்குப் பயம்.

“இப்ப ஏதாவது ஒடைஞ்சா நானே தொறந்து சரி பண்ணிக்கறேன்,” என்றாள். “ரஸ்ட்ல எழுதிட்டீங்கன்னா அதுல நான் கை வெக்க முடியுமா?”

“நான் கத்துத் தரேன் மதி.”

“உங்களுக்கே இன்னும் வரல. நேத்து ராத்திரி அதுகூட நீங்க சண்ட போட்டது கீழ வரைக்கும் கேட்டுது.”

எம லிங்கத்தில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தபோது அவள் முடிவாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசினால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

“ரெண்டு வாட்டி பாத்துட்டேங்க. இது மூணாவது. நீங்க பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டு நடுவுல விட்டுடுவீங்க, பசங்க முன்னாடி நான் நிக்கணும். இந்த வாட்டியும் அப்படி ஆச்சுன்னா ஜூன்ல புது பேட்சுக்கு நேரா பைத்தானே சொல்லிக் குடுத்துடறேன். பொரி வேணாம்.”

பொரியைப் பேச இருக்கிற ஒரே ஜனம் அந்தப் பிள்ளைகள். அவர்களும் போய்விட்டால் அவன் மட்டும் மாடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

“நடுவுல விடமாட்டேன். சித்திரை பௌர்ணமிக்குள்ள முடிச்சுடறேன்.”

“முடிச்சா மட்டும் போதாது. இதுவரைக்கும் பசங்க எழுதி வெச்சிருக்கறது எல்லாத்தையும் நான் தனியா சேத்து வெச்சிருக்கேன். அத்தனையும் பழசுல எப்படி ஓடுதோ அதே மாதிரி புதுசுலயும் ஓடணும். ஒண்ணு மாறினாலும் எனக்குச் சொல்லணும். சரியா?”

“சரி.”

அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றார்கள். அங்கே கற்பூரமும் ஊதுபத்தியும் விற்கிற ராணியம்மாள் இவர்களைப் பார்த்ததும் கடையை விட்டு எழுந்து வந்தார். அந்தப் பகுதியில் பாதையோரம் கடை போடுகிற பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்குத் தலைவி இவர்தான். பௌர்ணமிக்கு லட்சம் ஜனம் நடக்கிற பாதை அது. அடி அண்ணாமலை கோயில் வாசலை ஒட்டின இடம் கிடைத்தால் விற்றுத் தீரும். கோடியில் தள்ளிக் கிடைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஒரு காலத்தில் அதற்கு மயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை நடந்தது. ராணியம்மாளின் மகள் அன்புச்செல்வி சென்டரில் படித்தபோது பொரியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். சித்திரையில் வரிசை ஐந்து இடம் நகரும், வைகாசியில் பத்து, ஆனியில் பதினைந்து என்று மாதாமாதம் முறை மாறிக்கொண்டே வரும். பட்டியல் கோடியில் தொடங்கி வாசலில் முடியும். அதிலிருந்து சண்டை இல்லை. மகள் இப்போது சென்னையில் காலேஜ் படிக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப்பும் அதில் அந்த நிரலும் அம்மாவிடம் இருந்தன. பட்டனை அமுக்குவார், வருகிற பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவார்.

“நல்லா ஓடுதா ராணியம்மா?” என்று கேட்டான் அறிவுச்செல்வன்.

“ஓடுது தம்பி. பொட்டி தொறக்கத்தான் நேரமாவுது. அடுப்புல சோறு வெச்சிட்டு வந்து பாத்தா சரியா இருக்கும்.”

அவன் மதிவதனியைப் பார்த்தான். பார்த்தாயா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை அவன் முடித்தான். கம்பெனி வேலை முடிந்ததும் உட்காருவான். ரஸ்ட் திருப்பி அனுப்பும், இவன் திருத்துவான், மறுபடியும் திருப்பி அனுப்பும். பங்குனி உத்திரத்துக்கு மாமியார் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். சித்திரை பிறந்த வாரம் தீபம் வரைகிற அந்த நிரலைப் புதுப் பொரியில் ஓடவிட்டான். பொத்தானை அமுக்கி விரலை எடுப்பதற்குள் மலை வந்து நின்றது. அவன் அழித்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டான். மறுபடியும் வந்து நின்றது. வல்லரசு அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

அப்புறம் மதிவதனி சேர்த்துவைத்திருந்த பிள்ளைகளின் நிரல்களை எல்லாம் பழைய பொரியிலும் புதுப் பொரியிலும் ஓடவிட்டு ஒத்துப்பார்த்தான். கிட்டத்தட்ட எல்லாம் ஒத்துப்போயின. ஒரு கைப்பிடி நிரல்கள் மட்டும் ஒத்துவரவில்லை. திறந்து பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. ஐந்து பெயர் உள்ள வரிசையில் ஆறாவது பெயரைக் கேட்டிருந்தார்கள். ஏழு கிழமை உள்ள வரிசையில் பத்தாவது கிழமையைக் கேட்டிருந்தார்கள். இல்லாததைக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது? புதுப் பொரி ‘இல்லை’ என்று அடக்கமாகப் பதில் சொன்னது. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி காட்டிப் பிள்ளைகளை மிரட்டக் கூடாது என்பது மதிவதனியின் கொள்கை. அந்த மட்டில் மனைவி சொல்லை மதித்திருந்தான். பழைய பொரி மட்டும் ஏதோ ஒரு பெயரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் எழுதியது, என்னத்தையோ உளறியிருப்போம் என்று நினைத்தான். பிள்ளைகள் தப்பாக எழுதியிருக்கிறார்கள், பழைய பொரி அந்தத் தப்புக்கு ஜால்ரா போட்டிருக்கிறது. பிள்ளைகளின் தப்பு நம் கணக்கில் வராது. இப்படி அவனே கேஸ் போட்டு, அவனே வாதாடி, அவனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

“எல்லாம் ஓடுதா?” என்று சாப்பிடும்போது மதிவதனி கேட்டாள்.

“எல்லாம் ஓடுது.”

“ஒண்ணுகூட மாறல?”

“சொன்னேனே, ஓடுதுன்னு.”

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இவ்வளவு சீக்கிரம் முடிப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் குழம்பை அவன் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டான், பாவி.

சித்திரை பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் அவனே ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைக்குப் போய் ராணியம்மாளின் லேப்டாப்பில் புதுப் பொரியை ஏற்றிக்கொடுத்தான். ராணியம்மாள் பட்டனை அமுக்கினார். அமுக்கின உடனே பட்டியல் வந்து நின்றது. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

“இன்னாப்பா இது, நெனைக்கறதுக்குள்ள வந்துச்சி!”

“அதான் புதுசு,” என்றான் அறிவுச்செல்வன். வழியில் வாயு லிங்கத்தில் நின்று விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது.

பௌர்ணமி கழிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ராணியம்மாள் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஐந்து பெண்கள் இறங்கினார்கள். மதிவதனி வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். ஒருத்தரும் உட்காரவில்லை.

“தம்பியக் கூப்புடும்மா,” என்றார் ராணியம்மாள்.

அறிவுச்செல்வன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஏதோ பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான் என்றால் நம்புவீர்களா? அப்படித்தான் நினைத்தான். முகத்தில் அதற்கான புன்னகைகூட இருந்தது.

“தம்பி, வாசலாண்ட அஞ்சி எடம். அந்த அஞ்சி எடத்துக்கும் நேரா ‘இல்ல’, ‘இல்ல’னு வந்துச்சி. நானும் படிக்காம குரூப்புல போட்டுட்டேன். காலி எடம்னு வெளியூர்க்காரனுங்க வந்து பொம்மக் கடைய விரிச்சிட்டானுங்க. கேட்டா, லிஸ்டுல யாரும் இல்லியேன்றான். இந்த அஞ்சி பேரும் எங்க போவாங்க? சொல்லு.”

“பேரு இருக்குமே…”

“எங்க இருக்குது? நாப்பது பேருல அஞ்சி பேரு லிஸ்டுலயே இல்ல. பூமில இருக்கறாங்க, உன் பொட்டில இல்ல.”

ஐவரில் மூத்தவர் தங்கம்மாள். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர். அவர் கோபப்படவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “போன சித்திர கட போட முடியல, மருமவ பிரசவம். இந்த வருசம் வாசலாண்ட வருதுன்னு மூட்ட மல்லாட்ட வாங்கி அவிச்சிட்டேன் தம்பி. கூடய தலையில வெச்சிகினு விடியற வரிக்கும் நின்னேன். ஊசிப்போச்சி. மாட்டுக்குப் போட்டேன்.”

“புதுசு வேகமா ஓடும்னு சொன்ன,” என்றார் ராணியம்மாள். “ஓடிச்சிப்பா. எங்க அஞ்சி பேர வுட்டுட்டு ஓடிச்சி.”

அதுவும் சித்திரையானதால் ஐந்து பேரோடு போயிற்று. புரட்டாசியாக இருந்திருந்தால் முக்கால்வாசி சங்கமே பட்டியலை விட்டுப் போயிருக்கும்.

எங்கே தப்பு என்று அறிவுச்செல்வனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நாற்பது பேர் வரிசையில் நாற்பத்தோராவது ஆளைக் கேட்டிருக்கிறாள் அன்புச்செல்வி. பழைய பொரி முதல் ஆளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஒருமுறை சுற்றி வந்திருக்கிறது. இவன் அந்தச் சுற்றை வெட்டிவிட்டான். வெட்டின இடத்தில் ஐந்து பேர் விழுந்துவிட்டார்கள்.

மதிவதனி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணியம்மாளின் லேப்டாப்பை அவளே வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பழைய பொரியைத் திரும்ப ஏற்றினாள். வைகாசிப் பட்டியலை எடுத்தாள். நாற்பது பேரும் வந்தார்கள். வைகாசியில் வாசலை ஒட்டின ஐந்து இடம் இந்த ஐந்து பேருக்குத்தான் என்று ராணியம்மாள் தீர்ப்புச் சொன்னார். வைகாசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் முதல் அறிவுச்செல்வன் அங்கே வந்து, வேறு யாரும் கடை விரிக்காமல் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் தலையாட்டினான். ஆட்டோ போன பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் ஓடுதுன்னீங்க,” என்றாள் மதிவதனி.

“அது பழசுல ஒரு பக் மதி. வரிசை முடிஞ்சப்புறமும் கேட்டா, சுத்தி வந்து முதல் ஆளக் குடுக்குது. பசங்க சிலது அத நம்பி தப்பா எழுதிட்டாங்க. அதனால…”

“என்னது, தப்பா?” அவள் குரல் இறங்கியது. “நான்தாங்க அப்படிச் சொல்லிக் குடுத்தேன். ரெண்டாவது பாடம். ‘பொரியில் கடைசி கிடையாது. கடைசிக்கு அடுத்தது முதல்.’ ஏழு வருஷமா போர்டுல எழுதறேன். அன்புச்செல்விக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“அது தப்புன்னு உனக்குத் தெரியாதா?”

“எப்படிங்க தெரியும்? உங்க கோப்புல எத்தன வாட்டி அந்த வரியப் பாத்திருக்கேன். நீங்க யோசிச்சு வெச்சதுன்னுதான் நெனச்சேன். பசங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன். வேற எந்த மொழியிலயும் இது கிடையாது, நம்ப ஊர்க்காரர் எழுதினதால இதுல மட்டும் இப்படின்னு. பெருமையாத்தான் சொல்லுவேன்.”

அவன் மாடிக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்தான். அந்த வரி அங்கே இருந்தது. கேட்ட எண்ணை வரிசையின் நீளத்தால் வகுத்து மீதியை எடுக்கிற வரி. எதற்கு அப்படி எழுதினான் என்று அவனுக்கு நினைவு இல்லை. ஆனால் அதற்குக் கீழே அந்தக் காலத்தில் அவன் செய்த சோதனை இருந்தது. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரைக்கும் மலையைச் சுற்றி உள்ள எட்டு லிங்கங்களை வரிசையாக எழுதி, ஒன்பதாவது என்ன என்று கேட்டிருந்தான். இந்திர லிங்கம் என்று பதில் வந்திருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எட்டுதானே இருக்கிறது, ஒன்பதாவது எப்படி வந்தது என்று திடுக்கிட்டிருப்பான். இவன் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலை. ஈசான்ய லிங்கம் தாண்டினால் நடை முடிகிற இடத்தில் இந்திர லிங்கம்தானே! சரியாக இருக்கிறது என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறான். அந்த ஒரு வரியைத்தான் அவள் ஏழு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதான்.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் அவனே கீழே இறங்கிப் போனான். அவள் காலியான சென்டரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ரஸ்ட்ட விட்டுடறேன் மதி. அழிச்சுடறேன். பழசே இருக்கட்டும்.”

“அதான் தெரியுமே. முடிஞ்சதையும் விட்டுடுவீங்க, முடியாததையும் விட்டுடுவீங்க.” விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். “அந்தப் பொண்ணு தீபம் வரைய இன்னும் அரை மணி நேரம் ஆவுதுதானே? வல்லரசு சொன்னது பொய்யா? வேகம் வேணாம்னு நான் சொன்னேனா?”

“பின்ன?”

“ஏழு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், வகுப்புல வந்து ஒக்காந்திருக்கீங்களா? பொரின்னா என்னன்னு தெரியாமயே திருப்பி எழுதிட்டீங்க. உங்ககிட்ட இருக்கறது கோப்பு. பொரி இங்க இருக்குது, இந்தப் பசங்ககிட்ட.”

“ஜூன்ல பைத்தானா?”

“தெரியல,” என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “நீங்க என்கிட்ட பொய் சொன்னீங்க. அது எனக்கு இன்னும் ஆறல. புது பேட்ச் வரட்டும், பாக்கலாம். நீங்களும் வந்து ஒக்காருங்க. ஆனா பேசக் கூடாது.”

வைகாசி பௌர்ணமிக்கு அவன் அடி அண்ணாமலை கோயில் வாசலில் சாயங்காலத்திலிருந்து நின்று ஐந்து இடத்தைக் காவல் காத்தான். பொம்மைக் கடைக்காரன் ஒருத்தன் அவனை இடித்துத் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. தங்கம்மாளுக்கு மல்லாட்டை விற்றுத் தீர்ந்தது. ஒரு பொட்டலம் கூட இவனுக்குத் தரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. புது பேட்சுக்கு முதல் வகுப்பில் மதிவதனி பலகையில் ‘பொரி’ என்றுதான் எழுதினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த பையன், இவர் வயசுக்கு இன்னுமா படிக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

இரண்டாவது பாடம் வந்தது, பழைய பொரியிலேயே. பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து சிநேகிதர்களின் பெயரை வரிசையாக எழுதினார்கள். மணிமொழி என்கிற பெண் ஆறாவது பெயரைக் கேட்டுப் பார்த்தாள். முதல் பெயர் வந்தது. கையைத் தூக்கினாள்.

“மிஸ், அஞ்சுதான எழுதினேன். ஆறாவது கேட்டா மொத ஆளு வராங்க. ஏன் மிஸ்?”

மதிவதனி இதற்கு வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. இந்த ஊர்க்காரர் யோசித்து வைத்தது என்று ஆரம்பிக்கும். அதை விட்டுவிட்டு, கையில் இருந்த மார்க்கரால் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

“அதோ இருக்காரே, அவர்தான் இத எழுதினவர். அவரையே கேளு.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. அறிவுச்செல்வன் எழுந்து நின்றான். நல்ல பதில் ஒன்று அவனிடம் தயாராகத்தான் இருந்தது. மலை, எட்டு லிங்கம், சுற்று என்று நாலு வார்த்தை அழகாகப் பேசியிருந்தால் கை தட்டியிருப்பார்கள். அவன் மதிவதனியைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்காமல் மார்க்கர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“தெரியாம எழுதிட்டேன்மா,” என்றான். “தப்பு அது.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மணிமொழி சிரிக்கவில்லை. “அப்ப நீங்க சரி பண்ணலயா சார்?”

“பண்ணேன். அஞ்சு பேருக்கு எடமில்லாம போயிடுச்சு.”

அவள் தன் திரையில் இருந்த ஐந்து பெயர்களையும் பார்த்தாள்.

“அப்ப தப்பாவே இருக்கட்டும் சார்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மதிவதனி சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுதத் தொடங்கினாள், எழுத்து கோணலாகப் போயிற்று. அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கடைசி பெஞ்சிலிருந்து தெரியவில்லை. அறிவுச்செல்வன் உட்கார்ந்தான். பக்கத்துப் பையனிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, அவள் எழுதுவதைப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.